தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இல்லாத வாக்கு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு, சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் அந்த அவையின் உறுப்பினர்களில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உழவருக்கும் இல்லாத தனித் தொகுதி ஒன்று ஆசிரியருக்கு மட்டும் அங்கே தரப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவைச் சற்று நிறுத்திப் படித்தால், வாக்குரிமை உயர்நிலைப் பள்ளித் தரத்துக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் குறைந்தது மூன்று ஆண்டுகள் கற்பித்தவர்களுக்கே உண்டு என்பது தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதப் பழக்குகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. கர்நாடக மேலவையின் 75 இடங்களில் 7 இடங்கள் ஆசிரியர் தொகுதிகள். அங்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் அந்தத் தொகுதிகளின் வாக்காளர் இல்லை.

தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பரில் கலைக்கப்பட்டது. அதை மீண்டும் அமைக்க 2010-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிய பிறகு, 2011-ல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அமையவிருந்த 78 இடங்களில் 7 இடங்கள் ஆசிரியர்களுக்கானவை. மேலவை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த 171-ஆவது பிரிவில் படிந்திருக்கும் எண்ணத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். கல்வியைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர் யார் என்று நாட்டை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்தபோது ஆசிரியர் அவர்களின் நினைவுக்கு வந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர் வரவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எண்ணம் கல்வித் துறையின் நடைமுறையில் அப்படியே தொடர்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராகவும், பிறகு தலைமை ஆசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்த காலத்தில் இதை எழுதியிருக்க முடியாது. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதை 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. நிருவாகத்தில் கட்டுப்பாடு இருப்பதன் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் வெளியே பேசக் கூடாது என்று ஒருவரைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, உள்ளே பேசுவதற்கு ஓர் இடத்தையாவது அவருக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். அப்படி ஒதுக்கப்பட்ட இடம் எதையும் என் பணிக்காலம் முழுவதும் நான் காணவில்லை.

உள்ளே பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2019 செப்டம்பரில், அந்தக் கல்வியாண்டிலிருந்தே 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு நடத்தப்படும் என்று தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தம் அதற்கு வழிவிட்டிருந்தது. ஆணை வந்த நாளிலிருந்து என்னைப் போன்றவர்களின் மனத்தில் இருந்தது வினாத்தாளோ மதிப்பெண்ணோ இல்லை; செங்கல் சூளைதான்.

எங்கள் பகுதியில் பொங்கல் கழிந்ததும் குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளுக்குப் போவார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. பார்த்துக்கொள்ளப் பாட்டி இருந்தால் பிள்ளை ஊரில் நிற்கும், இல்லாவிட்டால் அதுவும் உடன் போகும். “டீச்சர், சூளைக்குப் போறோம். ஆனி பொறந்தாத்தான் வருவோம், பேரை மட்டும் எடுத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போகும் தாய்மார்களை ஒவ்வொரு தை மாதமும் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் நடக்கும் பொதுத் தேர்வு இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பொருள் தரும்? தேர்வு எழுதாத பிள்ளை ஜூனில் திரும்பி வரும்போது அதை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? தோற்ற பிள்ளை என்ற பெயரோடு வந்தால், அடுத்த தை மாதம் அதன் அப்பா அதைச் சூளையிலேயே விட்டுவிட முடிவு செய்ய மாட்டாரா? பத்து வயதுப் பிள்ளைக்கு மண் மிதிக்கவும், காய்ந்த கல்லைப் புரட்டிப்போடவும் தெரியும். அந்த வேலைக்கு அங்கே தேவையும் உண்டு.

இந்தக் கேள்விகள் எங்கள் வட்டாரத்தின் எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் ஆணையைப் படித்த அரை மணி நேரத்துக்குள் தோன்றியிருக்கும். கல்வியாளர்களும் ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் மாதக்கணக்கில் எதிர்த்த பிறகு, 2020 பிப்ரவரி தொடக்கத்தில் அரசு அந்தத் தேர்வுகளைக் கைவிட்டது. கைவிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் இடைப்பட்ட மாதங்களில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு வைத்துப் பயிற்சி கொடுத்த பள்ளிகள் உண்டு. பயந்துபோய்ப் பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளும் உண்டு. முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

11-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வின் கதையும் இதே வகையைச் சேர்ந்தது. பல தனியார் பள்ளிகள் 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டுகளும் 12-ஆம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்தன என்ற உண்மையான சிக்கலுக்கு மருந்தாக 2017-ல் அது அறிவிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத் தேர்வின் சுமையைத் தாங்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றி மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தொடக்கத்திலிருந்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு நெருக்கமான வகுப்பறை இல்லை என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு நெருக்கமானது செயல்வழிக் கற்றல். நாங்கள் அதை ‘ஏ.பி.எல்.’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியில், சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறை அது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் ஒரே ஆசிரியரிடம் இருக்கும்போது எப்படிக் கற்பிப்பது என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்து பிறந்தது. பாடம் ‘மைல்கல்’ எனப்படும் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளில் இருக்கும்; பிள்ளை அவற்றைத் தன் வேகத்தில் ஒவ்வொன்றாக முடித்து முன்னேறும். சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே சென்று பார்த்தார்கள். திரும்பி வந்து தமிழ்நாட்டுப் பாடத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். 2003-ல் சென்னையில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது.

எங்கள் பள்ளிக்கு வந்தபோது பெட்டி பெட்டியாக அட்டைகள் வந்தன. மைல்கற்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி வரைபடம் சுவரில் ஒட்டப்பட்டது. தரையோடு ஒட்டிய தாழ்வான கரும்பலகைகள் நான்கு பக்கமும் வந்தன. நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார்கள். பயிற்சி நாட்களில் எதிர்ப்பு இருந்தது. குறிப்பாக மூத்த ஆசிரியர்கள் பலர் இதைத் தங்கள் அனுபவத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். சென்னையின் முதல் 13 பள்ளிகளில் அந்த முறையை உருவாக்கிய ஆசிரியர்களுக்கு இருந்த உற்சாகம் எங்கள் ஒன்றியத்தில் ஏன் இல்லை என்று அப்போது மேலிருந்தவர்கள் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. சென்னை ஆசிரியர்கள் தங்கள் கையால் அட்டை எழுதியவர்கள். நாங்கள் பெட்டியைப் பிரித்தவர்கள்.

அந்த முறையின் அருமை எனக்குப் புரிந்தது சூளைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளால்தான். ஏ.பி.எல். முறையில் ஒரு பிள்ளை எந்த மைல்கல்லில் நிறுத்திவிட்டுப் போனதோ, அதே இடத்திலிருந்து தொடரலாம். வகுப்பு எங்கேயோ போய்விட்டது, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சம் பிள்ளைக்கு இல்லை. ஆனியில் வந்து, தன் அட்டையைத் தானே எடுத்து, பாதியில் விட்ட பாடத்தைத் தொடரும் பிள்ளையைப் பார்த்த பிறகு அந்த முறையைப் பற்றி எனக்கு இருந்த ஐயம் பெரும்பாலும் போய்விட்டது. பிழைகளும் இருந்தன. கதை கேட்கவும் வகுப்பாகச் சேர்ந்து பேசவும் நேரம் குறைந்தது. அட்டைகள் கிழிந்தால் மாற்று அட்டைகள் வந்துசேரத் தாமதமாகும். ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பதற்குள் நாள் முடிந்துவிடும். இவற்றையெல்லாம் சரிசெய்திருக்க முடியும். எங்கே கூடுதல் அட்டை வேண்டும், எந்த மைல்கல்லில் பிள்ளைகள் தேங்கி நிற்கிறார்கள், எதை எடுத்துவிடலாம் என்று எங்கள் வட்டாரத்தில் எந்த ஆசிரியரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

கேட்கவில்லை. 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது ஏ.பி.எல். சுருக்கப்பட்டு, பாடப் புத்தகத்தோடு பிணைக்கப்பட்டு, பிறகு படிப்படியாகக் காணாமல் போனது. வந்தபோதும் சுற்றறிக்கையாக வந்தது. போனபோதும் சுற்றறிக்கையாகவே போனது. இடம்பெயரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பொருந்தியது என்ற செய்தி எங்கள் ஒன்றியத்தைத் தாண்டிப் போகவே இல்லை. ஒரு திட்டம் திணிக்கப்படுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பலன் தரத் தொடங்கிய திட்டம் பறிக்கப்படுவதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆசிரியர் கருத்துக்கு இடம் இல்லாத அமைப்பில் இரண்டும் ஒன்றுபோலவே நடக்கும்.

கருத்துக் கேட்பு என்ற பெயரில் எதுவுமே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. தேசியக் கல்விக் கொள்கைக்காக முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையில் அமைந்த குழுவில் ஐவரில் நால்வர் ஓய்வு பெற்ற அரசு உயர் அலுவலர்கள். அடுத்து கஸ்தூரிரங்கன் தலைமையில் வந்த குழுவில் அறிவியலாளரும் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் எவரும் இல்லை. 2019 மே இறுதியில் வெளியான அதன் வரைவு 484 பக்கம் கொண்டது. முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்த அந்த வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி நாட்டு மக்கள் அனைவரும் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கருத்துகள் இலட்சக்கணக்கில் வந்தன என்று அரசு சொன்னது. வந்த கருத்துகளில் எது ஏற்கப்பட்டது, எது எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்பதற்கான விளக்கம் எதுவும் என்னைப் போன்ற ஓர் ஆசிரியரின் பார்வைக்கு வரவில்லை.

நம் மாநிலக் கல்விக் கொள்கைக்காக 2022-ல் நீதிபதி த. முருகேசன் தலைமையில் அமைந்த 13 பேர் குழு இந்த வகையில் ஓர் அடி முன்னே சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்து நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் அதில் உறுப்பினராக இடம் பெற்றிருந்தார். அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி ஏற்பட்டது. எனினும் 13 பேரில் ஒருவர் என்பது தொடக்கமாகத்தான் இருக்க முடியும். மண்டல அளவில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களும் வரவேற்கத் தக்கவையே. ஆனால் ஒலிவாங்கிக்கு முன் ஒருவருக்குச் சில நிமிடங்கள் என்ற முறையில், ஓர் ஆசிரியர் தன் வகுப்பறையில் பல ஆண்டுகளாகக் கண்டதை எப்படிச் சொல்லி முடிப்பார்? பேசத் தெரிந்தவரும் அமைப்புப் பொறுப்பில் இருப்பவரும் பேசுவார்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கற்பிப்பதில் கைதேர்ந்த, கூட்டத்தில் எழுந்து நிற்கக் கூசுகிற ஆசிரியை வீட்டுக்குப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆசிரியைகள் பலர் அந்த வகையினர்.

ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் எங்கள் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் என்ன நிலையில் இருந்திருக்கும் என்பதை 2003-ஐக் கண்ட எவரும் அறிவார்கள். அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தப் பணிநீக்கங்களை எதிர்த்த வழக்கில்தான். அப்படிப்பட்ட சூழலில் சங்கங்களின் ஆற்றல் முழுவதும் தற்காப்பிலேயே செலவானது இயல்பு. இருந்தாலும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியமும் ஊதிய முரண்பாடும் முதல் பக்கத்தை நிறைக்கும் கோரிக்கைப் பட்டியலில், வகுப்பறை கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அமைச்சரோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் அந்தப் பக்கம் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1966 அக்டோபர் 5 அன்று ஏற்ற ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை, ஆசிரியர் அமைப்புகளைக் கல்விக் கொள்கையை வகுப்பதில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த நாளைத்தான் உலகம் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. அந்தப் பரிந்துரையை அரசின் முன் வைத்து, பாடத்திட்டம், மதிப்பீடு, பயிற்சி ஆகியவற்றுக்கென்றே தனிப் பேச்சுவார்த்தை கேட்கும் பொறுப்பு எங்கள் அமைப்புகளுக்கும் இருக்கிறது.

ஆசிரியர் சொல்லைக் கேட்டுக் கல்வியை வடிவமைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1972-ல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. ரசூலியாவிலிருந்த நட்பு ஊரக மையமும் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் மாநில அரசின் ஒப்புதலோடு அதைத் தொடங்கின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் புத்தகத்தை மனப்பாடம் செய்யாமல், கையால் சோதனை செய்து, வயலுக்கும் ஓடைக்கும் போய்ப் பார்த்து, தாங்களே முடிவுக்கு வர வேண்டும் என்பது அதன் நோக்கம். 1978-ல் அந்த மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-ல் ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவாகிப் பொறுப்பேற்ற பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவி, சுமார் ஆயிரம் பள்ளிகளை எட்டியது.

அதன் பாடத்திட்டத்தைவிட என்னை ஈர்த்தது அதன் மாதாந்திரக் கூட்டம். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளியில் கூடுவார்கள். எந்தச் சோதனை வகுப்பில் நடக்கவில்லை, எந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள், பெட்டியில் தந்த எந்தப் பொருள் உடைந்துபோனது என்று அங்கே பேசுவார்கள். அந்தக் குறிப்புகள் பாடநூல் எழுதும் குழுவுக்குப் போகும். ‘பால் வைஞ்ஞானிக்’ (குழந்தை அறிவியலாளர்) என்ற அந்தப் பயிற்சி நூல்கள் அவற்றைக் கொண்டு திருத்தி எழுதப்பட்டன. பயிற்சி அளிப்பவர்களாகவும் காலப்போக்கில் அதே ஆசிரியர்களே வந்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் அரசுப் பள்ளியில் இயலும் என்பதை, அவற்றுக்கான வினாக்களை எழுதியும் விடைகளைத் திருத்தியும் அவர்கள் காட்டினார்கள். ஒரு பல்கலைக்கழக இயற்பியலாளரும் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தைப் பற்றி வாதிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2002-ல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. எழுத்தாலான நிலையான உரிமை எதுவும் ஆசிரியருக்கு இல்லாத இடத்தில், எத்தனை ஆண்டு உழைப்பையும் ஓர் ஆணை முடித்துவிடும் என்பதற்கும் அதுவே சான்று.

நம்மிடம் அந்த மாதாந்திரக் கூட்டத்துக்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம். ஏறத்தாழப் பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம், ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், மாவட்டத்துக்கு ஓர் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அதற்கு மேல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் என்ற அடுக்கு முறையாக அமைந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் ‘சி.ஆர்.சி.’ என்னும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகாத தொடக்கப் பள்ளி ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் அந்த அடுக்கில் செய்தி மேலிருந்து கீழே மட்டும் வருகிறது. சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்கு, அதாவது பயிற்சி அளிப்பவர்களுக்கு, சொன்னது மாவட்டக் கருத்தாளர் வழியாக ஒன்றியத்துக்கும், ஒன்றியத்திலிருந்து குறுவள மையத்துக்கும் இறங்கி, எங்களை எட்டும்போது பாதி நீர்த்துப்போயிருக்கும். கூட்டத்தின் முடிவில் ஒரு பின்னூட்டப் படிவம் தருவார்கள். பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவோம். திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கும் படிவம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கொரோனாக் காலத்து இடைவெளிக்குப் பிறகு எழுத்துக்கூட்டவும் மறந்துபோய் வந்த பிள்ளைகளைப் பார்த்த எவரும் அதன் தேவையை மறுக்க மாட்டார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பின்படி இல்லாமல் கற்றல் நிலையின்படி பிரித்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் கற்பிக்கும் அதன் அடிப்படை சரியானது. அதன் பாடல்களைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன் கையேடுகளை எழுதியதிலும் ஆசிரியர்களுக்குப் பங்கு இருந்தது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒன்றிலிருந்து மூன்று வரை ஒருவரும், நான்கும் ஐந்தும் மற்றொருவரும் பார்க்கும் நிலையில், ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் தனித்தனியாகத் தம் சொந்தக் கைப்பேசியில் செயலியைத் திறந்து பதிவேற்ற வேண்டியிருந்தது. இணைய இணைப்பு விட்டு விட்டு வரும் ஊரில் அந்தப் பதிவு முடியும்வரை மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நின்றுபோகும். கையேடு எழுத ஆசிரியரை அழைத்தவர்கள், எத்தனை முறை மதிப்பிடுவது, எந்த வழியில் பதிவது என்று முடிவு செய்த கூட்டத்துக்கும் அவரை அழைத்திருந்தால், அந்தச் சுமையில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே குறைந்திருக்கும். கையேடு எழுதக் கூப்பிடுவதை ஆசிரியர் பங்கேற்பு என்று பெயரிட்டு நிறைவடைந்துவிடக் கூடாது.

நான் வேண்டுவது இதுதான். ஆண்டுக்கு நான்கு குறுவள மையக் கூட்டங்களையாவது ஆசிரியர்கள் பேசவும் அலுவலர்கள் கேட்கவும் என்று ஒதுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் குறிப்பை ஆசிரியர்களே எழுதி, தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒன்றிய அளவிலான அமர்வுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து மாநிலக் கல்வியியல் நிறுவனத்தின் ஒரு நிலையான ஆசிரியர் அவைக்கும் அது போக வேண்டும். அந்த அவையில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை ஆசிரியருக்கும் அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் இருக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளுக்கும் மலைப் பகுதிப் பள்ளிகளுக்கும் தனி இடம் இருக்க வேண்டும். பாடத்திட்டத்தையோ தேர்வு முறையையோ மாற்றும் எந்த முடிவும் அரசாணையாவதற்கு முன் இந்த அவையின் முன் வைக்கப்பட வேண்டும். அவை சொன்னதை ஏற்காவிட்டால், ஏற்காததற்கான காரணத்தை அரசு எழுத்தில் தர வேண்டும். பிறகு மாறுபட்ட சூழல் கொண்ட சில ஒன்றியங்களில் ஓராண்டு நடத்திப் பார்த்துவிட்டு மாநிலத்துக்கு விரிவாக்க வேண்டும். எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற அந்த ஒரு விதியைத்தான் நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுகிறேன். சொன்னது எங்கே போனது என்று தெரியாத இடத்தில் மனிதர்கள் இரண்டாவது முறை வாய் திறப்பதில்லை.

இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதி ஊர் மக்கள் முன் வைத்தார்கள்; ஊரார் கட்டடமாகவும் நிலமாகவும் பலகையாகவும் கடிகாரமாகவும் கொடுத்தார்கள். தேவை கீழிருந்து எழுதப்பட்டு மேலிருந்தவர்கள் அமர்ந்து கேட்ட மேடைகள் அவை. அந்த இயக்குநரே கிராமப் பள்ளிகளை நேரில் பார்வையிடும் கீழ்நிலைப் பணியிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கிறேன்.

ஆசிரியரைக் கேட்டால் அவர் தன் வசதியைத்தான் கேட்பார் என்ற ஐயம் பலருக்கு உண்டு. சில ஆசிரியர்கள் அப்படித்தான் கேட்பார்கள். கடமையில் தவறுகிற ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களால் பிள்ளைகள் இழந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தனித்தனி மனுவாக இல்லாமல், சக ஆசிரியர்கள் முன்னிலையில் பேசி, வாதிட்டு, எழுத்தில் பதிந்து மேலே அனுப்பும் முறையைச் சொல்கிறேன். பத்துப் பள்ளி ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில், பிள்ளைகளின் பெயரால் தன் சோம்பலை மறைப்பது எளிதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுக்களின் கருத்தும் இதே வழியில் ஆசிரியர் அவைக்கு வரட்டும். சூளைக்குப் போகும் தாயும் அங்கே பேசட்டும். ஆசிரியருக்கு இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான் முடிவெடுக்க வேண்டும்; முடிவுக்கு முன் வகுப்பறையைக் கேட்டாக வேண்டும் என்பதே கோரிக்கை.

மாநிலக் கல்விக் கொள்கை இனி அரசாணைகளாகவும் பாடத்திட்டமாகவும் புதிய பாடநூல்களாகவும் மாறப்போகும் காலம் இது. 8-ஆம் வகுப்பு வரை எவரையும் தேக்கி வைப்பதில்லை என்று அந்தக் கொள்கை உறுதி சொல்லியிருப்பதில் சூளைக்குப் போகும் பிள்ளைகளுக்காக எனக்கு மிகுந்த நிம்மதி. அடுத்ததாக, அந்தப் பிள்ளைகள் இல்லாத ஐந்து மாதங்களுக்கு என்ன செய்வது என்பதை எழுதப்போகிறவர்கள், போளூர், செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாதுமலை ஒன்றியங்களின் ஆசிரியர்களைப் பாடத்திட்டம் எழுதத் தொடங்கும் முன்பே அழைத்துப் பேச வேண்டும். அப்படி அழைக்கப்படும் ஆசிரியர் அங்கே சொல்லும் எதற்காகவும் நடத்தை விதிகளின்கீழ் அவர்மீது நடவடிக்கை வராது என்று அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும். பணியில் இருக்கும் என் தோழிகள் அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பேசுவார்கள்.